பிரேக் அக்கா பிணமாக நடிக்கிறார்

டி.வி.யில் கதாநாயகன் மலைப்பாதையில் காரை விரட்டிக்கொண்டு போகிறான். சோபாவில் உட்கார்ந்திருக்கும் பிரேக் அக்காவின் வலது கால் தரையை ஓங்கி மிதிக்கிறது. கீழ்வீட்டில் ஏதோ உருண்டு விழும் சத்தம் கேட்கிறது. அக்கா அதையெல்லாம் கண்டுகொள்வதில்லை. பஸ்ஸில் போனால் முன்சீட்டுக்காரர் முதுகைத் தடவிக்கொண்டு திரும்பித் திரும்பிப் பார்ப்பார். ஒருமுறை நாங்கள் இருவரும் லிஃப்டில் இறங்கிக்கொண்டிருந்தபோது, கீழ்த்தளம் நெருங்கும் நேரம் பார்த்து ஒரு மிதி மிதித்தார். லிஃப்ட் நின்றது. என்னைப் பார்த்து, “பாத்தியா?” என்றார்.

அக்காவின் தொழில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது. ஒரே ஒரு வெள்ளைக் கார், கூரைமேல் ஒரு பலகை, பக்கத்து சீட்டின் காலடியில் தனியாக ஒரு பிரேக், ஒரு கிளட்ச். இந்த ஊரில் கார் ஓட்டுகிறவர்களில் பாதிப்பேர் அந்தக் காரில்தான் முதன்முதலாக வியர்த்து ஒழுகியிருக்கிறார்கள். நானும்தான். ஸ்டீரிங்கைப் பிடித்ததும் கண் ரோட்டில் போய் ஒட்டிக்கொள்ளும், கால் என்று ஒன்று இருப்பதே மறந்துபோகும். அக்கா கத்தமாட்டார். ஜன்னலுக்கு வெளியே வேடிக்கை பார்த்தபடியே, “கால் எங்க இருக்குன்னு மொதல்ல பாரு” என்பார். இந்த வாக்கியத்தைக் கேட்காமல் இங்கே யாரும் லைசென்ஸ் வாங்கியதில்லை. கிளட்சிலேயே காலை ஊன்றிக்கொண்டு போன என்னிடம் மட்டும் கூடுதலாக ஒன்று சொன்னார்: “அது என்ன மாமியார் வீட்டு வாசப்படியா, ஏறி நின்னுக்கிட்டு எறங்கமாட்டேங்கிற?” எனக்குக் கல்யாணமே ஆகவில்லை.

டெஸ்ட் அன்று அதிகாரி பின்சீட்டில் உட்காருவார். அக்கா முன்சீட்டில் பிடித்துவைத்த பொம்மை மாதிரி இருப்பார். உதடு அசையாது, கன்னம் அசையாது. ஆனால் ஓட்டுகிறவர் காதில் மட்டும், “ரெண்டாவது கியர்... இண்டிகேட்டர் போடு... அட, அது வைப்பர்” என்று ஒரு குரல் வந்து விழும். அதிகாரிகள் மாறினார்கள், குரல் மாறவில்லை. எங்கள் நாடகக் குழு அக்காவை வளைத்துப் பிடித்தது இந்தத் திறமைக்காகத்தான்.

எங்கள் குழுவில் யாருக்கும் நாடகம் பிழைப்பு இல்லை. டைரக்டர் சார் தபால் ஆபீசில் பார்சல் எடை போடுகிறவர். வருடத்துக்கு ஒரு நாடகம் போடுவோம், அது துப்பறியும் நாடகமாகத்தான் இருக்கும். ஒரு பெரிய வீடு, ஒரு கோப்பைத் தேநீர், ஒரு பிணம், ஆளுக்கொரு திருட்டு முழி. கடைசியில் எல்லாரையும் ஒரே அறையில் உட்காரவைத்து, கொலையாளி இங்கேதான் இருக்கிறார் என்று மீசையைத் தடவும் ஒரு துப்பறிவாளர். அந்த மீசை அக்காவின் வீட்டுக்காரருடையது. மருந்துக்கடை வைத்திருக்கிறார், நாங்கள் மாமா என்று கூப்பிடுவோம். உயரம் உண்டு, குரல் உண்டு, தொப்பி வைத்தால் அப்படியே பொருந்தும். வசனம் மட்டும் நிற்காது. டாக்டர்களின் கிறுக்கலையே தலைகீழாகப் பிடித்துப் படிக்கிற மனிதருக்கு, கொட்டை எழுத்தில் டைப் அடித்துக் கொடுத்த வசனம் மண்டையில் ஏறாது.

முன்பெல்லாம் ஓரத்திரைக்குப் பின்னால் நின்று ஒருவர் வசனம் எடுத்துக் கொடுப்பாராம். ஒரு வருடம் கொலையாளியை நெருங்குகிற கட்டத்தில் மாமா திரையோடு காதை ஒட்டிக்கொண்டு, “சத்தமாச் சொல்லுங்க, கேக்கல” என்று கேட்டுவிட்டார். சபை சிரித்த சிரிப்பில் அந்த வருடம் கொலையாளிகூட மன்னிக்கப்பட்டார். அதற்குப் பிறகுதான் டைரக்டர் சாருக்கு அந்த யோசனை உதித்தது. மேடையின் நட்டநடுவில், யாரும் சந்தேகப்படாமல், ஆடாமல் அசையாமல் கிடக்கிற ஆள் ஒருவர் இருக்கிறாரே. அவரே எடுத்துக் கொடுத்தால் என்ன?

அன்றிலிருந்து அக்காதான் பிணம். வீட்டில் மாமாவுக்குச் சொல்லிக் கொடுத்துக் கொடுத்து நாடகம் முழுக்க அக்காவுக்கு மனப்பாடம், உதடும் அசையாது, வேறென்ன வேண்டும்? பிணமாக நடிப்பவர்கள் பொதுவாக முதல் காட்சியோடு கிளம்பிப் போய் டீ குடிப்பார்கள். எங்கள் பிணம் கடைசித் திரை விழும்வரை சோபாவிலேயே கிடக்கும், போர்வைக்கு வெளியே பாதம் இரண்டும் தெரிய. ஏன் இன்னும் எடுத்துப் போகவில்லை என்பதற்கு டைரக்டர் சார் வருடாவருடம் ஒரு சாக்கு எழுதுவார். ஒரு வருடம் ஆம்புலன்ஸ் பஞ்சர். அடுத்த வருடம் டிரைவர் வழி தவறிவிட்டார். இப்போது வழக்கமாக வருகிறவர்கள் அந்த வரிக்காகவே காத்திருந்து கைதட்டுகிறார்கள். அக்காவுக்கு மட்டும் அதில் வருத்தம். “எப்பப் பாத்தாலும் டிரைவர் மேலயே பழியப் போடுங்க” என்று ஒத்திகையில் பிணம் எழுந்து உட்கார்ந்து சண்டை போட்டதைப் பார்த்திருக்கிறேன்.

இந்த ஏற்பாட்டுக்கு உலை வைத்தது ஒரு பாட்டில் இருமல் மருந்து. சென்ற நாடகம் முடிந்த மறுவாரம் கடைக்கு வந்த ஒருவர், மருந்தை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டே மாமாவிடம் சொன்னாராம்: “நாடகம் பிரமாதம் சார். முக்கியமா பொணம். ரெண்டாவது வரிசைல எனக்கே தெளிவாக் கேட்டுச்சு.”

மாமா அன்று கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டார்.

அவருக்கு வலித்தது நாடகத்துக்காக மட்டும் இல்லை என்று பிறகுதான் எனக்குப் புரிந்தது. கல்யாணமான புதிதில் அக்கா அவருக்குக் கார் ஓட்டச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். ஒவ்வொரு தடவையும் மாமா பிரேக்கை நினைப்பதற்குள் அக்காவின் கால் மிதித்துவிடும். திருப்பத்தில் மிதிக்கும், மாடு வந்தால் மிதிக்கும், மாடு வரலாம் என்று தோன்றினாலும் மிதிக்கும். மாமா பாதியில் விட்டுவிட்டார். கேட்டால், “நான் எங்க ஓட்டினேன்? ஸ்டீரிங்கப் பிடிச்சிக்கிட்டுக் கூடப் போனேன், அவ்வளவுதான்” என்பார். இன்றும் கடைக்கு அவரை அக்காதான் காரில் கொண்டுபோய் விடுகிறார். விருந்தாளிகள் முன்னால் மாமா கொஞ்சம் அளக்க ஆரம்பித்தால் சாப்பாட்டு மேசைக்குக் கீழே ஒரு சத்தம் கேட்கும். உடனே பேச்சை நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடிப்பார். இப்படியே பழகிப்போனவர் இந்த வருடம் முதல் ஒத்திகைக்கு வந்ததும், நாங்கள் எல்லாரும் இருக்கும்போதே, பெண்டாட்டியைப் பார்த்துச் சொன்னார்:

“இந்தத் தடவை நீ ஒண்ணும் சொல்லக் கூடாது. நான் மறந்தா மறந்துட்டுப் போறேன். உன் வாயால நான் பேசினேன்னு இன்னொரு தடவை யாராவது சொன்னாங்கன்னா, இனிமே நான் மேடை ஏறமாட்டேன்.”

அக்கா பிணத்துப் போர்வையை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். “ஒரு வார்த்த பேசமாட்டேன். போதுமா?” என்றார்.

டைரக்டர் சார் கலங்கிப்போனார். மாமா சொதப்பினால் அடுத்த வருடம் துப்பறிவாளர் வேறு ஆள் என்று அவரும் பதிலுக்கு ஒன்றைச் சொல்லிவைத்தார். வேறு ஆள் யார் என்று யாரும் கேட்கவில்லை. டாக்டராக நடிக்கும் பேக்கரிக்காரர் அன்றே, “சும்மா பாக்கறேன்” என்று மாமாவின் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக் கண்ணாடி முன்னால் இப்படியும் அப்படியும் திரும்பினார். பிணத்தைச் சோபாவிலேயே விட்டுவைப்பது என்று முடிவானது. சபை சாக்குக்காகக் காத்திருக்குமே.

அக்கா வாக்கைக் காப்பாற்றப் பட்ட பாடு கொஞ்சமில்லை. மாமா திணறும்போதெல்லாம் போர்வைக்குள் ஒரு வாக்கியம் முட்டிக்கொண்டு நிற்பது எங்களுக்கே தெரியும். கடைசியில் மாமாவின் கடையிலிருந்தே இருமல் மிட்டாய் எடுத்து வந்து வாயில் அடக்கிக்கொண்டார். இப்படியாக ஒரு பக்கக் கன்னம் உப்பிய பிணம் எங்களுக்குக் கிடைத்தது. துக்கமான இடங்களில் போர்வைக்குள்ளிருந்து, பல்லில் மிட்டாய் உருளும் ‘கடக்’ சத்தம் கேட்கும்.

நாடகம் ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். சங்கக் கட்டடத்தின் மாடி ஹால், மடக்கு நாற்காலிகள், சத்தம் போடும் என்று நிறுத்திவைத்த மின்விசிறிகள். கதையைச் சொல்லிவிடுகிறேன், இனிமேல் மறைத்து என்ன ஆகப்போகிறது. பணக்கார அம்மா ஒருவர் தேநீர் குடித்துவிட்டுச் சோபாவில் சாய்கிறார். டாக்டர் நாடி பார்த்து உயிர் போய்விட்டது என்கிறார். சந்தேகம் மூன்று பேர்மேல்: சமையல்காரி, டாக்டர், செக்ரட்டரி. சமையல்காரியாக நடித்தது பள்ளிக்கூடத்துக் கணக்கு டீச்சர். செக்ரட்டரி நான். கொலை செய்ததும் நான்தான். கடைசிக் காட்சியில் துப்பறிவாளர் முதல் இரண்டு பேரையும் விடுவித்துவிட்டு என் பக்கம் திரும்பி, “நீங்க எங்க கிளம்பிட்டீங்க?” என்பார். நான் எழுந்து, ஒரு பக்கத்துக்குக் குமுறிக் குமுறி ஒப்புக்கொண்டு அழவேண்டும். குளியலறையில் ஒத்திகை பார்த்துப் பார்த்து, என் அம்மா கதவைத் தட்டி, என்னடி ஆச்சு என்று கேட்கும் அளவுக்குத் தேறியிருந்தேன்.

முதல் இரண்டு காட்சியும் வெண்ணெய் மாதிரிப் போயின. இந்த வருடச் சாக்கு, ஆம்புலன்ஸ் வழியில் ஆட்டு மந்தையாம். சபை தட்டியது. மாமா ஒரே ஒரு இடத்தில் தடுக்கினார். தானே சமாளித்து, இடைவெளி விட்டுப் பேசியது மாதிரி ஆக்கிவிட்டார். போர்வைக்குள் மிட்டாய் ஒருமுறை உருண்டது, அவ்வளவுதான்.

கடைசிக் காட்சி. சமையல்காரியை விடுவித்தார். அடுத்தது டாக்டர். அந்த வசனத்தை மாமா சொன்ன விதம் இருக்கிறதே, குரல் இறங்கி, நின்று, மெல்ல ஏறி... ஹாலே கைதட்டியது. பேச்சின் நடுவில் அவருக்குக் கைதட்டல் விழுவது அதுதான் முதல் தடவை. மனிதர் அதில் மயங்கிவிட்டார். அதே வேகம், அதே கருணை, அப்படியே ஒரு சுற்றுச் சுற்றி என்னைப் பார்த்துக் கையை நீட்டி, “நீங்களும் குற்றவாளி இல்ல. நீங்களும் போகலாம்” என்று சொல்லிவிட்டார்.

நான் பாதி எழுந்தவள் அப்படியே நின்றேன். தொண்டை வரைக்கும் குற்றத்தை வைத்துக்கொண்டு எங்கே போவது? சபைக்கு இன்னும் ஒன்றும் புரியவில்லை. மேடையில் இருந்தவர்களுக்கு நன்றாகவே புரிந்தது. இருந்த மூன்று பேரையும் துப்பறிவாளர் விடுதலை செய்துவிட்டார். கொலை இருக்கிறது, கொலையாளி இல்லை. ஓரத்திரைக்குப் பின்னால் டைரக்டர் சார் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். என் பக்கத்து நாற்காலியில் பேக்கரிக்காரர், “தொப்பி நமக்குத்தான்” என்று மீசைக்குள் முனகினார்.

மாமாவின் முகத்திலும் இப்போது தெரிந்துவிட்டது. நெற்றியில் வியர்வை பொடித்தது. அவர் கண் தானாகச் சோபாப் பக்கம் போனது, பழக்க தோஷம். போர்வைக்குள்ளிருந்து ஒரே ஒரு வார்த்தை வந்தால் போதும், ‘செக்ரட்டரி’ என்று ஒரு முணுமுணுப்பு. திரும்பி என்னைப் பிடித்துக்கொள்வார், நான் அழுது தீர்த்துவிடுவேன். சோபாவுக்கு மிக அருகில் நின்றது நான்தான். மிட்டாய் உருளவில்லை. மூச்சே வரவில்லை. வெளியே நீட்டிக்கொண்டிருந்த பாதத்தில் விரல்கள் மட்டும் விறைத்து நின்றன. அக்கா வாயை இறுக்கி மூடிக்கொண்டு கிடக்கிறார் என்பது எனக்குத் தெரிந்தது. அது எவ்வளவு பெரிய காரியம் என்பதும் தெரிந்தது.

மாமா தொப்பியைக் கழற்றினார். மறுபடி வைத்துக்கொண்டார்.

“சமையக்காரம்மா செய்யல,” என்றார் மெல்ல. “டாக்டர் செய்யல. செக்ரட்டரியும் செய்யல.” மேடையில் ஒரு நடை நடந்தார். “அப்ப இந்த ரூம்ல மிச்சம் யாரு?”

இது நாடகத்தில் இல்லை. எங்களில் யாருக்கும் அடுத்து என்ன என்று தெரியாது. அவருக்கும் தெரியாது என்றுதான் நினைத்தேன். ஆனால் திரும்பி என்னைப் பார்த்தார் பாருங்கள், மருந்துக்கடை மேசைக்குப் பின்னால் இத்தனை வருடம் பார்த்த அந்த முகத்தில் அப்படி ஒரு குறும்பை நான் பார்த்ததே இல்லை.

“இந்த அம்மா செத்துட்டாங்கன்னு யாரு சொன்னது? டாக்டர் சொன்னாரு. அவரு நல்ல மனுசன்னுதான் நான் சொன்னேன். நல்ல டாக்டர்னு சொல்லவே இல்லையே.”

சபை குலுங்கியது. பேக்கரிக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து, மாமா சோபாவை நோக்கி விரலை நீட்டினார்.

“இந்த அம்மா சாகல.”

பொத். ஹால் முழுக்கக் கேட்டது. அக்காவின் வலது கால் தன்பாட்டுக்குக் கிளம்பி, சோபாவின் கைப்பிடியை ஓங்கி மிதித்துவிட்டது. எங்கேயோ அசுர வேகத்தில் போகிற வண்டியை நிறுத்தத்தான் மிதித்திருக்கிறார், பாவம். ஆனால் பிணத்தின் கால் பிரேக் போட்டதை ஊரே பார்த்துவிட்டது.

வேறு நாளாக இருந்தால் அந்தச் சத்தத்துக்கு மாமா பேச்சை நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடித்திருப்பார். இன்று நிறுத்தவில்லை. சபையைப் பார்த்துத் திரும்பி, அவசரமே இல்லாமல் சொன்னார்:

“கால் எங்க இருக்குன்னு மொதல்ல பாருங்க.”

அந்த ஹாலில் உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப்பேர் அக்காவிடம் கார் படித்தவர்கள். நாற்காலிகள் சரிந்தன. யாரோ விசில் அடித்தார்கள். முன்வரிசையில் ஒருவருக்குப் புரையேறி, பக்கத்தில் இருந்தவர் முதுகில் அடித்துக்கொண்டிருந்தார். மாமா போர்வையை உருவினார். அக்கா ஒரு கண்ணை மட்டும் திறந்தார். எதற்காகச் செத்த மாதிரி நடித்தீர்கள் என்று துப்பறிவாளர் கேட்டார். நாடகத்திலே இருக்கிற எல்லாருடைய வசனமும் தெரிந்த அக்காவுக்கு, முதன்முதலாகத் தனக்கென்று ஒரு வசனம் சொல்ல இடம் கிடைத்திருக்கிறது. எழுந்து உட்கார்ந்தார். மிட்டாயை மறு கன்னத்துக்குத் தள்ளினார். வாயைத் திறக்காமல் இரண்டு மணிக்கட்டையும் சேர்த்து நீட்டினார், விலங்கு மாட்டச் சொல்லி. திரை விழுந்தது. விடுதலையான கொலைகாரி நான் மேடையிலேயே அழுதேன், எனக்கு எழுதிவைத்த அழுகை இல்லை அது.

உள்ளே எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். யாரோ வந்து, அந்தக் கால் யோசனை யாருடையது என்று கேட்க, தரையிலிருந்து எழுந்து தூசியைத் தட்டிக்கொண்டிருந்த டைரக்டர் சார், கூசாமல், “நம்மளதுதான்” என்றார். பேக்கரிக்காரர், மாமா கழற்றிவைத்த தொப்பியை ஆணியில் மாட்டிவிட்டு பிஸ்கட் தட்டை எடுத்து எல்லாருக்கும் நீட்டினார். என் ஒப்புதல் வாக்குமூலம் இன்னும் அப்படியே இருக்கிறது, யாருக்காவது தேவைப்பட்டால் சொல்லுங்கள்.

மாமா ஒரு மூலையில் மீசையை உரித்துக்கொண்டிருந்தார். கூடுதல் அடர்த்திக்காக நிஜ மீசைமேல் ஒட்டியது. அக்கா பஞ்சும் எண்ணெயும் கொண்டுவந்து கொடுத்தார்.

“மறந்தப்ப நீ சொல்லியிருக்கலாம்ல?” என்றார் மாமா.

“சொல்லமாட்டேன்னு சொன்னேனே.”

“அப்ப கால்?”

“கால் எங்கயாவது பேசுமா?” என்றார் அக்கா.

மாமா சிரிக்கவில்லை. எண்ணெய்க் கையைத் துடைத்துவிட்டு நீட்டினார். “வண்டிச் சாவியக் குடு.”

அக்கா பையைத் துழாவினார். பிறகு கொடுத்தார்.

வழியில் இறக்கிவிடுகிறோம் என்று என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். வெயில் சாய்ந்திருந்தது. சங்கக் கட்டடத்துக்கு முன்னால் இருக்கும் மைதானம் காலியாகிவிட்டது, தூரத்தில் கேட் மட்டும் திறந்து கிடந்தது. மாமா கண்ணாடியைச் சரிசெய்தார், சீட்டைச் சரிசெய்தார், கண்ணாடியை மறுபடி சரிசெய்தார். கிளட்சை விட்டதும் வண்டி ஒரு குதி குதித்து அணைந்தது. பக்கத்து சீட்டிலிருந்து சத்தம் இல்லை. மறுபடி கிளப்பினார். இந்தத் தடவை கிளம்பிவிட்டது, அதுவும் நேராக, நேராக என்றால் கேட்டின் இடதுபக்கத் தூணுக்கு நேராக.

தூண் பெரிதாகிக்கொண்டே வந்தது. நான் பின்சீட்டிலிருந்து முன்னால் எக்கி, இந்த ஊரே நம்பியிருக்கும் அந்த வலது காலைத் தேடினேன். பிரேக்குக்குப் பக்கத்தில் செருப்புகள் மட்டும் கிடந்தன. அக்கா இரண்டு காலையும் தூக்கி சீட்டின்மேல் மடக்கி வைத்து, சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஜன்னலுக்கு வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.